இடது, நடு, வலது, தப்பு

எங்கள் பேரிங் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘காது’. பேரிங்கைக் காதோரம் வைத்து ஒரு சுற்று விடுவாள். உள்ளே ஒரு குண்டு சொரசொரத்தாலும் “இது ஆகாது” என்று ஒதுக்கிவிடுவாள். மெஷின் சரியென்று சொன்னதை அவள் தப்பென்றால் சூப்பர்வைசர் மெஷினைத்தான் பழுது பார்க்கச் சொல்வார். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதுமான அளவு இருந்தது. பதினெட்டு வருடம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வாயிடம் மாட்டிக்கொண்டவள் நான்.

அவளுடைய பொறாமையை அவள் ஒருநாளும் ஒளித்ததில்லை. நான்கு வயது இளைய தங்கை நல்ல கண்ணோடு பிறந்தாள். வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. “அவ படம் வரைஞ்சா நாலு பேர் கூடி நின்னு பார்ப்பாங்க. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு எனக்கு எரியும்” என்பாள் காது.

தங்கைக்கு இருபத்தாறு வயதில் கண் நரம்பு கெட்டுப் பார்வை போனது. முடங்கிக் கிடந்தவளை எழுப்பி, தடி பிடிக்கவும், பால் பொங்குவதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கவும், பேரிங் சுற்றவும் பழக்கியது காதுதான். எங்கள் வரிசையிலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தாள். பத்து வருடம் ஒரே வீடு, ஒரே பஸ். “இப்பத்தான் எனக்குன்னு ஒரு தங்கச்சி கிடைச்சிருக்கா” என்று ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னாள். எனக்குத்தான் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு மூளையில் சில்லு பொருத்தும் ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். மூக்குக்கண்ணாடியிலுள்ள கேமரா பார்ப்பதைச் சில்லு ஒளிப்புள்ளிகளாக மூளைக்கு அனுப்பும். முன்பு பார்த்துப் பழகிய மூளைக்குத்தான் அது புரியும் என்று சொல்லித் தங்கையை எடுத்துக்கொண்டு காதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காது நாற்பது நல்ல பேரிங்குகளை ஆகாதென்று ஒதுக்கினாள்.

தங்கைக்குக் கிடைத்தது அறுபது புள்ளிகள், அவ்வளவுதான். அதற்கு வீட்டில் பயிற்சி. மேஜையில் கறுப்புத் துணி விரித்து, எதிரே இருப்பவர் ஒரு வெள்ளைத் தட்டை இடதிலோ நடுவிலோ வலதிலோ வைக்க வேண்டும். எங்கே என்று தங்கை சொன்னதும் சரியா தப்பா என்று ரெக்கார்டரில் பேசிப் பதிய வேண்டும். ஆறு வாரத்தில் பத்துக்கு ஏழு தடவையாவது சரியாக வராவிட்டால் சில்லை எடுத்துவிடுவார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லாததால் தட்டு வைத்தது காது.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் வைத்தாள். இரண்டாம் வாரம் நான் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். “அக்கா, கதவுகிட்ட யாரோ நிக்கிறாங்க” என்றாள் தங்கை. வருகிற ஆளை முதலில் கண்டுபிடித்துச் சொல்வது அந்த வீட்டில் காதின் உரிமை. அவள் முகம் சுண்டிப்போனது.

அன்றிலிருந்து தட்டு நகர ஆரம்பித்தது. பாதி தடவை, தங்கை “இடது” என்றதும், அவள் தொட்டுப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ளாதபடி சத்தமில்லாமல் தூக்கி வலதில் வைத்துவிட்டு “தப்பு” என்பாள். இதை என்னிடம் அவளே சாப்பாட்டு இடைவேளையில் சொன்னாள்.

“அடிப்பாவி, எடுத்துருவாங்கடி!”

“எடுக்கட்டும். அது இல்லாம நாங்க நல்லாத்தான இருந்தோம்?”

“நான் அவகிட்ட சொல்லிடுவேன்.”

“சொல்லேன். நான் நகர்த்தவே இல்லைம்பேன். யாரு பார்த்தா?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அவள் வாய்க்குப் பயந்தேன், அதுதான் உண்மை.

ஆறாம் வாரக் கடைசியில் ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். பதிவைக் கேட்டுவிட்டு, “பத்துக்கு நாலுதான் வருது. உங்களுக்குப் புள்ளி தெரியலையா?” என்று தங்கையைக் கேட்டாள்.

“தெரியலைங்க. எடுத்துருங்க” என்றாள் தங்கை.

டாக்டரிடம் போனில் பேச அந்தப் பெண் வெளியே போனாள். காது தங்கையின் கையைப் பிடித்தாள்.

“ஏண்டி அப்படிச் சொன்ன? உனக்குத் தெரியுமா? தட்டைத் தூக்கறப்போ சத்தம் கேட்டுச்சா?”

“சத்தமே வரலைக்கா. பார்த்தேன்.”

நான் அங்கே நின்றிருக்கக் கூடாது. காது எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். “அந்த ரெக்கார்டுல இருக்கறது பூரா பொய். நான்தான் நகர்த்தினேன். இன்னொருத்தியை வைக்கச் சொல்லிப் பாருங்க” என்று கத்தினாள்.

தட்டை நான் வைத்தேன். தங்கை சொல்லச் சொல்ல அந்தப் பெண் சரி, சரி என்று குறித்துக்கொண்டாள். பத்துக்கு ஒன்பது.

“போதும், நிறுத்துங்க. எனக்கு வயிறு எரியுது” என்றாள் காது.

“எரிஞ்சா எரியட்டும்” என்றாள் தங்கை. “இங்க வந்து பக்கத்துல உக்காரு.”