எல்லாப் பெட்டியிலும் திறக்கும் சி.டி.

மகள் பிறந்த பிறகு நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே டிசைன் போடத் தொடங்கியிருந்தேன். பனியன்களின் மார்பில் அச்சடிக்கிற படங்கள். பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி.யைப் படிக்க முடியும், எழுத முடியாது. என் படங்களோ பிளாப்பியில் அடங்காத அளவுக்குப் பெரியவை. அதனால் ஒரு வேலை முடிந்ததும் கணவர் கம்ப்யூட்டர் பெட்டியின் திருகுகளைக் கழற்றி, உள்ளேயிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, பனியன் வெட்டியதில் மிஞ்சிய ஒரு கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றித் தருவார். நான் அதை மொபெட்டில் வைத்து பிரௌசிங் சென்டருக்குக் கொண்டுபோய், சி.டி.யில் எழுதி வாங்கி, பிரிண்டிங் பட்டறையில் கொடுத்துவிட்டு வருவேன். கணவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு ஃபிட்டர். எதையும் கழற்றி மாட்ட அஞ்சமாட்டார்.

ஒரு நாள் காலையில் பட்டறையிலிருந்து போன் வந்தது. பேசியவர் அங்கே பொறுப்பில் இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அக்கா, நீங்க குடுத்த சி.டி.ல ஒண்ணுமே இல்லையே. பெட்டி சொர்ருன்னு சுத்துது, அப்புறம் டிஸ்க்கைப் போடுங்கன்னு கேக்கு."

குடை பிடித்த தவளை ஒன்றை நான்கு நிறங்களாகப் பிரித்து அதில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அவர்கள் கம்ப்யூட்டருக்கு அது காலித் தட்டு. அதே தட்டை வீட்டுக்கு எடுத்து வந்து போட்டேன். தவளை சிரித்துக்கொண்டு திறந்தது. போன் செய்து, "இங்க திறக்குதுங்களே" என்றேன். அந்தப் பக்கம் போனை வேறு ஒருவர் வாங்கினார். வெளிநாட்டு ஆர்டர்களைப் பிடித்துத் தரும் பையிங் ஆபீஸிலிருந்து சாம்பிள் பனியனுக்காக வந்து உட்கார்ந்திருந்தவர்.

"மேடம், வேலைய முடிச்சிட்டீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு முகம் சுட்டது. செய்யாத வேலைக்குக் காலித் தட்டைக் கொடுத்து ஏமாற்றுகிறேன் என்று நினைக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைக்கவில்லை.

"ஹார்ட் டிஸ்க்க மட்டும் கொண்டுபோய் மாட்டலாமா?"

"அவங்க பெட்டியத் திறக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்காருங்க மாமா."

"அப்ப நம்ம பெட்டியவே தூக்கீட்டுப் போயிரலாம். எந்திரி புள்ள."

மகளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, துண்டு சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்து ஆட்டோவிலிருந்து ஒரு பெண், "என்னுங் அம்மிணி, குழந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள். பட்டறையில் அவர்களுடைய மானிட்டரையும் பிரிண்டரையும் எங்கள் பெட்டியில் மாட்டி, தவளையைத் திறந்து காட்டினேன். அச்சுக்கான ஃபிலிம் எடுத்தார்கள், சாம்பிள் போனது.

சொந்தமாக ஒரு சி.டி. ரைட்டர் வாங்கிவிடுவது என்று அன்றே முடிவு செய்தோம். ஆனால் கோபம் ஆறியதும் எனக்குள் வேறொன்று குடைய ஆரம்பித்தது. ஒரே தட்டு எப்படி ஒரு பெட்டிக்கு நிறைந்ததாகவும் இன்னொன்றுக்குக் காலியாகவும் இருக்கும்? தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அடிப்பக்கம் இளம்பச்சை. நடு ஓட்டையைச் சுற்றிக் கொஞ்ச தூரம் வரை பச்சை கொஞ்சம் கருத்திருந்தது, அதற்கு வெளியே வெளுத்திருந்தது. கருத்த வளையம்தான் தவளை. கண்ணுக்கே தெரிகிறது. பட்டறைப் பெட்டிக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தேன்.

"கண்ண மூடீட்டு கொரியாக்காரனத எடுங்க்கா" என்றார் கடைக்காரர்.

அதே தெருவில் இரண்டு கடை தள்ளி இருந்தவர், "கொரியாவுதுங்களா? லென்ஸ் சீக்கிரம் போயிருமுங்க. தைவான்து எடுங்க" என்றார்.

இருவரிடமும் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நாங்கதானுங்க்கா விக்கறோம்" என்றார் முதலாமவர். "கம்ப்ளெயிண்ட் வர்றதில்லீங்க" என்றார் இரண்டாமவர். தெரிந்தவர்களிடம் கேட்டபோதும் இப்படியே. ஆளுக்கொரு கம்பெனி சொன்னார்கள். யார் சொன்னதிலும் காரணம் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் எழுதிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். வெற்று சி.டி.கள் ஒரு டப்பா வாங்கி, ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். கொரியா கடையில் தவளையை ஒரு தட்டில் எழுதச் சொன்னேன். அதன் மேல் மார்க்கரால் ஒரு வாத்து வரைந்துகொண்டேன். தைவான் கடையில் எழுதியதற்கு ஒரு மீன். கல்யாண போட்டோக்களை சி.டி.யில் போட்டுத் தரும் ஸ்டுடியோ ஒன்று எங்கள் வீதி முனையில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயும் ஒன்று எழுதி வாங்கினேன். அதற்குக் கோழி.

வீட்டுப் பெட்டியில் மூன்றும் திறந்தன. அது எதிர்பார்த்ததுதான், எங்கள் பெட்டி எதையும் படித்துவிடும். பட்டறைக்கு எடுத்துப் போனேன். வாத்து திறக்கவில்லை. மீன் வெகுநேரம் சுற்றி, நாங்கள் எடுத்துவிடலாம் என்று நினைத்த சமயத்தில் திறந்தது. கோழியைப் போட்டதுமே திறந்துவிட்டது.

"கோழிய எங்க எழுதினிய?" என்றார் பொறுப்பாளர்.

"போட்டோ ஸ்டுடியோவுலங்க."

"அப்ப அதையே வாங்கிருங்கக்கா, சோலி முடிஞ்சுது."

எனக்குச் சோலி முடியவில்லை. இந்தப் பட்டறைப் பெட்டி ஒன்றை வைத்து எப்படி முடிவு செய்வது? இதைவிடப் பழைய, இதைவிட மோசமான ஒரு பெட்டியில் திறந்தால்தான் எங்கேயும் திறக்கும் என்று நம்பலாம். அப்படி ஒன்று இருந்த இடம் எனக்குத் தெரியும். ஊத்துக்குளியில் என் சித்தி மகள் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்திக்கொண்டிருந்தாள். கம்பெனிகள் வேண்டாமென்று தள்ளிய பெட்டிகளை வாங்கி வரிசையாக வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் ஏறினேன்.

"அக்கா, இதுக்காகவா ரயிலேறி வந்தே?" என்று சிரித்தாள் தங்கை. ஆனால் தட்டுகளைப் பார்த்ததும் அவளுக்கும் ஆவல் வந்துவிட்டது. மோர் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே கிழட்டுப் பெட்டியை இயக்கினாள். வாத்து இல்லை. மீனும் இல்லை. கோழி மட்டும் திறந்தது.

"மூணும் ஒரே கம்பெனித் தட்டா?"

"ஒரே டப்பாவுல எடுத்தது."

"அப்பத் தட்டுல குத்தமில்ல. எழுதற மெஷின்லதான் என்னமோ இருக்குது."

ஊர் திரும்பியதும் நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். "உங்க ரைட்டர் எந்தக் கம்பெனிதுங்க?" என்று கேட்டேன். ஸ்டுடியோக்காரர் குனிந்து பார்த்தார். முகப்பு பழுப்பேறி, எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது.

"தெரியலீங்களே. கம்ப்யூட்டர் வாங்கறப்பக் கூடவே வந்துச்சு. இத மாத்தோணும்னு பாத்துட்டிருக்கறனுங்க. நாலு ஸ்பீடுதான், இப்ப வர்றதெல்லாம் நாப்பது, அம்பதுங்க. ஒரு சி.டி. எழுதப் போட்டுட்டு ஊட்டுக்குப் போய்ச் சாப்பிட்டே வந்தரலாம்."

அங்கேயே நின்றுவிட்டேன். கடைகளில் வாத்தையும் மீனையும் எழுதியபோது, அவர்கள் வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் தட்டு வெளியே வந்துவிட்டது. கோழியை எழுதியபோதோ நான் வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறூட்டிவிட்டு வந்தேன். அப்படியானால் இது நல்ல ரைட்டர், கெட்ட ரைட்டர் விஷயம் இல்லையோ? அவசரமாக எழுதினால் சில பெட்டிகளுக்குப் புரியாதா? பிரிண்டிங்கில் மை தள்ளும் ஸ்குவீஜிக் கட்டையை வேகமாக இழுத்தால் மை திட்டுத் திட்டாக விழும், அது எனக்குத் தெரியும். இங்கேயும் அப்படி ஏதாவது நடக்கிறதா?

மறுபடி கொரியா கடைக்குப் போய், நாலு ஸ்பீடில் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க்கா, ஸ்பீடுக்காகத்தானுங்க எல்லாரும் புதுசு வாங்கறாங்க!"

"இருக்கட்டுங்க. ஒருக்கா எழுதிப் பாத்தரலாம்."

அவ்வளவு மெதுவாக எழுத அந்த மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை. அதில் இருந்ததிலேயே குறைந்த வேகம் எட்டு. அதில் எழுதினார். தைவான் கடையிலும் அதே வேகத்தில் எழுதி வாங்கினேன். முந்தைய தட்டுகளோடு குழம்பாமல் இருக்க, இந்த வாத்துக்கும் மீனுக்கும் தலையில் தொப்பி போட்டேன்.

அடுத்த ஞாயிறு கணவரும் கூட வந்தார். எனக்கு என்னவோ மீன்தான் ஜெயிக்கும் என்று பட்டது. முதல் தடவையே பட்டறையில் தட்டுத் தடுமாறித் திறந்தது அதுதானே. ஆனால் ஊத்துக்குளிக் கிழட்டுப் பெட்டியில் தொப்பி போட்ட வாத்து உடனே திறந்தது. தொப்பி போட்ட மீனில் ஃபைல்களின் பெயர்கள் தெரிந்தன. தவளையைத் திறக்கப் போனால் பாதியில் திரை உறைந்து நின்றது.

முடிவு தெரிந்துவிட்டது என்று நான் எழுந்துவிட்டேன். தங்கை விடவில்லை.

"ஒருக்காத் திறந்தா நம்பீரலாமாக்கா? எடுத்துட்டு மறுக்காப் போடு."

வாத்தை மறுபடி போட்டோம். திறந்தது. அடுத்த பெட்டிக்கு மாறினோம், அதற்கடுத்ததற்கும். தங்கை மவுஸைப் பிடிக்க, கணவர் தட்டைப் போட, நான் நின்றுகொண்டே பார்த்தேன். அவள் வைத்திருந்த எல்லாப் பெட்டியிலும் வாத்து திறந்தது. மீன் சிலவற்றில் திறந்தது, சிலவற்றில் நின்றது. வேகம்தான் முதல் காரணம் என்று தெரிந்தது. ஆனால் வேகத்தைக் குறைத்தாலும் எல்லா ரைட்டரும் ஒன்றல்ல என்பதும் தெரிந்தது.

கொரியாவையே வாங்குவது என்று கடைக்குப் போனோம். கடைக்காரர் மகிழ்ச்சியோடு அலமாரியிலிருந்து ஒட்டுப் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் சோதித்தது இதை அல்லவே? இதற்குள் இருப்பது எப்படி எழுதும் என்று யாருக்குத் தெரியும்?

"இது வேண்டாங்க. நீங்க எனக்கு எழுதிக் குடுத்தீங்களே, அந்த மெஷின்தானுங்க வேணும்."

"அக்கா, அது டெமோ பீஸுங்க! மாசக்கணக்கா ஓடீட்டிருக்குதுங்க."

"எனக்கு அதுதானுங்க வேணும்."

அவர் உதவி கேட்பதுபோல் என் கணவரைப் பார்த்தார். கணவர் சொன்னார்: "அவ கேக்கறதுதானுங்க நாயம். நாங்க நிட்டிங் மெஷின் எடுக்கப் போனாலும் ஓடீட்டிருக்கற மெஷினப் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தான் எடுப்போம். ஓட்டாத மெஷினப் பத்தி என்னத்தச் சொல்றது?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றிக் கொடுத்தார். புது மெஷினுக்கு உண்டான வாரண்டியையும் சண்டை போடாமல் எழுதித் தந்தார். வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பதற்காகவே கொடுத்திருப்பார் என்று கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மாட்டியதும் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ரைட்டரின் பின்பக்கத்தில் அரிசி அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு, இரண்டு ஊசிகளின் மேல் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கிப் பக்கத்து ஊசிகளில் மாட்டினார் கணவர். பெட்டி ரைட்டரை ஏற்றுக்கொண்டது. ஏன் என்று கேட்டேன். "தெரியல புள்ள. ஒண்ணு அங்கிருந்தா வேலை செய்யல, இங்கிருந்தா செய்யுமான்னு பாத்தேன்" என்றார்.

முதலில் எழுதியது ஒரு புதிய டிசைன், சைக்கிள் ஓட்டும் கரடி. எட்டு ஸ்பீடு வைத்து அழுத்தினேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மகள் விளக்கை விரலால் தொடப் பார்த்தாள், அவளைத் தூக்கிக்கொண்டேன். தட்டு தானாக வெளியே வந்தபோது வெதுவெதுப்பாக இருந்தது. அது சூடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. கணவரின் கன்னத்தில் வைத்துக் காட்டினேன்.

பட்டறையில் அதைக் கொடுத்துவிட்டு நின்றேன். பொறுப்பாளர் தட்டைப் போட்டார். சுற்றுகிற சத்தம் ஏறி, அடங்கியது.

"திறந்துட்டுக்கா!" என்றார் அவர்.

பையிங் ஆபீஸ்காரரும் அன்று அங்கே இருந்தார். எழுந்து வந்து கரடியைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு நான் கேட்டதத் தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார். கூடவே, "என்ன ரைட்டர் இது? எங்க ஆபீஸுக்கும் ஒண்ணு வாங்கோணும்" என்று கேட்டார். கம்பெனி பெயரைச் சொன்னேன். பெயரை மட்டும் நம்பி வாங்கினால் போதாது என்பதையும், வாத்து, மீன், கோழி, ஊத்துக்குளி எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இவ்வளவெல்லாம் நம்மால ஆகாதுங்க. எங்க சி.டி.யையும் நீங்களே எழுதிக் குடுத்துருங்க" என்றார். அப்படித்தான் அந்த ஆபீஸின் சி.டி. வேலையும் எனக்குக் கிடைத்தது.

மகள் பள்ளிக்கூடம் போகிற வரை அந்த ரைட்டர் உழைத்தது. பிறகு ஒரு நாள் தட்டை வாங்கிக்கொண்டு வெறுமனே முனகியது. அதற்குள் பென் டிரைவ் வந்துவிட்டதால் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. கணவர் அதைத் தரையில் செய்தித்தாள் விரித்துப் போட்டுத் திருகுகளைக் கழற்றினார். நானும் மகளும் எதிரே குந்தினோம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கண்ணாடிப் பொட்டு, உளுந்தம்பருப்பு அளவுதான் இருந்தது. அதன் மேல் மெல்லிய பஞ்சு படிந்திருந்தது. கணவர் ஊதினார். பொட்டு பளிச்சென்று நீலமாக மின்னியது. இத்தனை வருடம் எழுதியது இதுதானா என்று மூன்று பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம்.