ஐரீனிடம் கேட்ட சம்மதம்

வெல்டாவுக்குக் குளிர் பழகிப்போன சங்கதி. நெப்ராஸ்காவில் இருபது வருஷம், பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான காளை விந்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பண்ணை பண்ணையாகக் கொண்டுபோனவள். முழங்கால் வலிக்கு வெயில் நல்லதென்று அரிசோனாவுக்கு வந்தால், கிடைத்த வேலையும் அதேதான். என்ன, இங்கே எஃகுத் தொட்டிகளுக்குள் இருந்தது மனிதர்கள். என்றாவது மருத்துவம் எழுப்பிவிடும் என்று நம்பி, இறந்த கையோடு உறையவைக்கப்பட்டவர்கள். நைட்ரஜன் குறையாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

நான்காம் தொட்டியில் இருந்த ஐரீனைப் பார்க்க அவள் கணவர் ஹார்லன் மாதாமாதம் வருவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், எண்பத்தொரு வயது. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் மனைவிக்குச் சொல்வார். அன்றைக்கு மட்டும் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வெல்டா, மறைக்காம சொல்லு. இவ எந்திரிப்பாளா?"

"முப்பது வருஷம் உறைஞ்ச விந்துல கன்னுக்குட்டி பிறந்து பாத்திருக்கேன். எலியோட கிட்னிய உறையவச்சு, திரும்பப் பொருத்தி வேலை செய்ய வச்சிருக்காங்க. ஆனா இந்தக் குளிர்ல வச்ச முழு எலி ஒண்ணுகூட எந்திரிக்கல, வாத்தியாரே."

"அப்போ பூஜ்யமா?"

"அப்படியும் சொல்ல மாட்டேன்."

"அதான் தொந்தரவே! நடனக் கூடத்துல லூப்பேன்னு ஒருத்தி. கல்யாணம் பண்ணிக்கலாங்கறா. நாளைக்கு இவ எந்திரிச்சு வந்து கேட்டா?"

வெல்டா சிரித்த சிரிப்பில் அவள் மூக்குக்கண்ணாடியில் ஆவியே படிந்துவிட்டது. "இருநூறு வருஷம் கழிச்சு வர்ற சண்டைக்கு இப்பவே நடுங்கறீங்களே! இவங்ககிட்டயே கேளுங்க. வேண்டாம்னா சொல்லட்டும்."

கேட்டார். தொட்டி வழக்கம்போல் உஸ்ஸென்றது. வசந்தத்தில் கல்யாணம் நடந்தது.

தானும் இறந்தபின் உறைவதற்கு ஹார்லன் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்; லூப்பே மட்டும் போட மறுத்துவிட்டாள். "ஒரு தடவை வாழ்ந்ததே போதும். இந்தப் பல்செட்டோட மறுபடியுமா?"

மூன்று வருஷம் கழித்து ஹார்லன் வீட்டிலேயே இறந்தார். பனிக்கட்டியோடு காத்திருந்த குழுவில் வெல்டாவும் இருந்தாள். உடம்பை உடனே குளிர்விக்க வேண்டும். தாமதித்தால் மூளை கெடும்.

"ஒரே ஒரு நிமிஷம் குடுங்க," என்றாள் லூப்பே.

குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். வெல்டா குறுக்கே போய் நின்றாள். "குடுங்க சார். இது அவர் காதுல விழுந்திருந்தா அவரே குடுத்திருப்பார்."

சூடு ஆறாத நெற்றியில் லூப்பே முத்தமிட்டு, தானாகவே விலகிக்கொண்டாள்.

இப்போது லூப்பேதான் மாதாமாதம் வருகிறாள். ஐரீனுக்கு மரியாதையாக ஒரு வணக்கம். பிறகு பக்கத்துத் தொட்டியைப் பார்த்து ஒரே திட்டு: கார் கொட்டகைச் சாவியை எங்கேதான் வைத்துத் தொலைத்தார் என்று.