அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாட்டு

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன், கதை கட்டத் தெரியாது. போன மார்கழியில் என் கடைக்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இங்கே வெள்ளைக்காரன் நாட்டில், நோர்பரியில் எனக்கு ஒரு பலசரக்குக் கடை. கீழே பேஸ்மென்ட். யன்னல் கிடையாது, நாலு சுவரும் வழுவழுப்பான வெள்ளை டைல்ஸ். அரிசி மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கி வைத்திருக்கிறேன். கட்டடத்துச் சொந்தக்காரன் வாசுதேவன். எங்கள் ஊர் ஆள்தான். அதனால்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என்னைக் கிளப்பிவிட்டு பிளாட் கட்டப் பார்க்கிறான்.

"பரமண்ணை, வயசு போட்டுது. சாவியைத் தந்திட்டு வீட்டில இருங்கோவன்."

"உனக்கும்தான் ஐம்பது. நீ போய் இரு."

இதுதான் எங்களுக்குள் வழக்கமான பேச்சு.

ஒரு நாள் துசியந்தி என்றொரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்யும் வேலையாம்.

"அங்கிள், இந்தக் கட்டடம் முந்திப் பாட்டுப் பதியிற ஸ்டூடியோ. தெரியுமோ?"

"உன்னை வாசுதேவனோ அனுப்பினது?"

"அது ஆர்?"

சொன்னாள். 1967இல் மேல் மாடியில் ஒரு கறுப்பினப் பெண், சோல் என்கிற அவர்களுடைய உருக்கமான பாட்டு வகையில் ஒன்று பாடினாளாம். போ என்று துரத்துகிறவனிடம் போகமாட்டேன் என்று நிற்கிற பாட்டு. அவள் குரலைக் கம்பி வழியாகக் கீழே அனுப்பி, பேஸ்மென்டில் ஸ்பீக்கரில் ஓட விட்டு, எதிர் மூலையில் மைக் வைத்து எதிரொலியைப் பிடித்தார்கள். அதைத் தனி நாடாவில் பதிந்து பாட்டோடு கலந்தார்கள். நாடு முழுக்க அந்தப் பாட்டுத்தான். ஆனால் அவள் பாடி முடித்த பிறகு, கடைசியில், எதிரொலிக்குள் ஒரு கரகரப்பு. ரயில் என்கிறார்கள் சிலர். பேஸ்மென்டில் ஆள் இல்லை. பூட்டிவிட்டுத்தான் பதிவு செய்வார்களாம். இப்போது பாட்டைத் திரும்ப வெளியிடுகிறார்கள், அந்தச் சத்தம் என்னவென்று இவள் கண்டுபிடிக்க வேண்டும்.

கீழே இறங்கிக் கை தட்டிப் பார்த்தாள். தப். அவ்வளவுதான்.

"எக்கோவே இல்லை. அரிசி மூட்டை சத்தத்தை எல்லாம் தின்னுது, அங்கிள்."

"அரிசியை நாங்கள் தின்னுறம். சத்தத்தையாவது அது தின்னட்டும்."

சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமையே நடந்தது. பின்னேரம் நாலு மணி. இங்கத்தைக் குளிர்காலம், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. ஒரு மூட்டை எடுக்கக் கீழே இறங்கினேன். தூசிக்கு இருமினேன்.

இருமல் திரும்பி வந்தது... நீளமாக. வெறும் மண்டபத்தில் இருமியதுபோல்.

மூட்டைகள் வைத்த இடத்தில்தான் இருந்தன. கை தட்டினேன். தட்டல் சுவர் சுவராகச் சுற்றி வந்தது.

பிறகு... யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பாடப் போகிறவள் இழுக்கிற மூச்சு.

பாட்டு. மேளம் இல்லை. தாளம் இல்லை. குரல் மட்டும்.

வாசுதேவன் ஸ்பீக்கர் ஒளித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். மூட்டைகளை இழுத்துப் போட்டேன். பின்னால் சுவர். சுவரில் கை வைத்தேன். சூடு...

மேலே பேஸ்மென்ட் கதவு சாத்திக்கொண்டது. டக்.

பாட்டு நின்றது.

சட்டைப் பையில் சாவிக்கொத்து அசைந்தது. யாரோ இழுத்தார்கள்... மெதுவாக.

பொத்திப் பிடித்தேன்.

"வாசுதேவனுக்குச் சொல்லு. நான் போகமாட்டன். இது என்ரை கடை."

இழுவை நின்றது. ஒரு சத்தமும் இல்லை. மூட்டையைத் தோளில் போட்டேன், ஏறினேன், கதவைத் தள்ளினேன், திறந்தது. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துத் துசியந்தி வந்தாள். எதிரொலி நாடாவை மட்டும் தனியாக ஓட விட்டிருக்கிறாள். போனில் போட்டுக் காட்டினாள். இருமல். கை தட்டல். பாட்டு. பிறகு என் குரல். வாசுதேவனுக்குச் சொல்லு...

1967இல் வாசுதேவன் பிறக்கவில்லை. நான் பருத்தித்துறையில் காற்சட்டை போட்ட பெடியன்.

"நீ கீழே மைக் வைச்சிட்டுப் போனாய்."

"இல்லை அங்கிள். சத்தியமா இல்லை."

நான் அவளையும் நம்பவில்லை. பழைய சாமான் விற்கிற சரிட்டிக் கடையில் அந்தப் பாட்டின் பழைய இசைத்தட்டு ஒன்றை நானே போய் வாங்கினேன். ஓட விட்டோம். ரயில் என்கிறார்களே, அந்த இடத்தில் காதை வைத்தேன். '...என்ரை கடை.' அதோடு இசைத்தட்டு முடிந்தது.

"நாடா அதோட முடியேல்லை, அங்கிள். இன்னும் கிடக்கு."

போட்டாள். நீண்ட அமைதி. பிறகு மறுபடி என் குரல். அழுகிற குரல்.

'சரி. சாவியை வைச்சிட்டன். கதவைத் திற.'

"இதையும் நீங்கள் சொன்னனீங்களோ?"

"இன்னும் இல்லை."

அன்றே பேஸ்மென்ட் கதவைக் கழற்றினேன். துண்டு துண்டாக வெட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன். சாவிக்கொத்தை அரைஞாணில் முடிந்து வைத்திருக்கிறேன். வாசுதேவன் இப்போதும் வந்து கேட்கிறான். அதே பதில்தான்.

நேற்றுப் பின்னேரம் அரிசி எடுக்க இறங்கினேன்.

மேலே, இல்லாத கதவு சாத்திக்கொண்டது... டக்.

சாவியை இறுக்கிப் பிடித்தபடி, ஒரு வார்த்தை பேசாமல், மூட்டையைத் தூக்கினேன்.