மேலே வரும்போது அடைத்த காது

தூத்துக்குடிக் கடலில் ஸ்கூபா டைவிங் போவதற்கு நானும் என் மனைவியும் மூன்று மாதம் காத்திருந்தோம். நான் பாளையங்கோட்டையில் நீதிமன்ற எழுத்தர். அவள் அங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆற்றில் நீந்திப் பழகியவர்கள் நாங்கள். நீச்சல் குளத்தில் பயிற்சியும் முடித்திருந்தோம். ஆனால் காற்று என்று ஒரு முறை, தண்ணீர் கலங்கல் என்று ஒரு முறை பயணம் தள்ளிப்போனது. மூன்றாவதாக நாள் குறித்தபோது எனக்குச் சளி பிடித்துவிட்டது.

அவளிடம் சொன்னால் கிளம்பவிட மாட்டாள். விடிவதற்கு முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூக்கில் சொட்டு மருந்து விட்டேன். மூக்கு ஜோராகத் திறந்துகொண்டது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

படகில் பயிற்சியாளர் எங்கள் முதுகில் சிலிண்டரை மாட்டிவிட்டார். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, முப்பது வயதிருக்கும்.

“சளி, மூக்கடைப்பு எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க அண்ணாச்சி. காது விஷயத்துல வெளயாடக் கூடாது.”

“ஒண்ணும் இல்ல தம்பி” என்றேன். என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு பையப் பைய இறங்கினோம். ஓரிரு அடிக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்து ஊத, காது ‘டப்’ என்று திறந்தது. கீழே போனதும் எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பவளப்பாறைகள் மேல் மஞ்சள் வரி போட்ட மீன்கள் கூட்டமாகத் திரும்பின. என் மூச்சுச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. பாறை இடுக்கிலிருந்து ஓர் ஆமை எழுந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தலைக்கு மேல் நீந்திப் போனது. நான் சந்தோஷம் தாங்காமல் பயிற்சியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

கடலுக்குள் அதற்கு ‘பிரமாதம்’ என்று அர்த்தமில்லை. ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவர் உடனே தலையாட்டி எங்களை மேலே கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இல்லை என்று சொல்ல எந்தச் சைகை என்பதும் எனக்கு மறந்துபோயிற்று.

கொஞ்சம் ஏறியதுமே இடது காதுக்குள் ஏதோ வீங்குவது போலிருந்தது. மாஞ்சோலை மலைப்பாதையில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, எச்சில் விழுங்கினால் சரியாகிவிடுமே, அப்படித்தான் என்று விழுங்கினேன். வலது காது திறந்தது. இடது திறக்கவில்லை. இன்னும் ஓர் அடி ஏறியபோது கடல் மொத்தமாகச் சுழன்றது. கயிறு படுத்துக்கொண்டது. மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது.

பழக்கத்தில் மூக்கைப் பிடித்து ஊதப் போனேன். பயிற்சியாளர் என் கையைத் தட்டிவிட்டார். இறங்கும்போதுதான் அது, ஏறும்போது ஊதினால் இன்னும் மோசமாகும். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் கையைக் கயிற்றில் வைத்து அழுத்தி, முதுகுச் சிலிண்டரின் வாரைப் பிடித்து என்னைச் சற்றுக் கீழே இறக்கினார். பிறகு என் மூச்சிலிருந்து போகும் குமிழிகளைக் காட்டினார். அவை ஓடும் பக்கம்தான் மேலே. குமிழிகளையே பார்த்தேன். இன்னொரு கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள். என் மனைவி. முகக் கண்ணாடிக்குள் அவள் கண் பெரிதாக இருந்தது.

தாடையை அசைத்தேன், விழுங்கினேன், மறுபடி அசைத்தேன். திடீரென்று காதுக்குள் ‘கீச்’ என்று ஒரு சத்தம். காற்று வெளியேறியது. சுழன்ற கடல் நின்றது. அப்புறம் நத்தை மாதிரி ஏறினோம்.

படகில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றினால் மூக்கோரம் கொஞ்சம் ரத்தம்.

“சளி இருந்துச்சா அண்ணாச்சி?”

சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “மருந்து வேகம் கீழ இருக்கும்போதே தீந்திருக்கும். உள்ள போன காத்து வெளிய வர வழியில்லாம நின்னுட்டு” என்றார்.

என் மனைவி தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். “பிள்ளைக பொய் சொன்னா முட்டி போட வைக்குதேன். உங்கள என்ன செய்ய?” என்றாள். “இங்கனயே உக்காருங்க. அசையக் கூடாது.” இரண்டாவது முறை அவள் மட்டும் இறங்கினாள். கோபம்கூட வரவில்லை எனக்கு. தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மனதுக்குள் அந்த ஆமை நீந்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் வண்ணார்பேட்டையில் காது மூக்கு டாக்டரிடம் போனோம். செவிப்பறை சிவந்திருக்கிறது, கிழியவில்லை என்றார். “முழுசா ஆறுத வரைக்கும் கடல் கிடையாது. ஆறினப்புறம் எங்கிட்ட காட்டிட்டுப் போங்க.”

சில வாரம் கழித்துக் காட்டினேன். போகலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மறுபடி அதே பாறைக்கு இறங்கினோம். ஏறும்போது ஓர் அடிக்கு ஒரு முறை நின்றேன். இரண்டு காதும் தாமாகத் திறந்தன. தலை தண்ணீருக்கு மேல் வந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் என் மனைவி மிதந்துகொண்டிருந்தாள்.

“திருக்கை மீனப் பாத்தீங்களா?” என்றாள்.

“எங்க?”

“உங்க காலுக்குக் கீழதான் கெடந்துச்சு. மண்ணுக்குள்ள பொதஞ்சு, கண்ணு மட்டும் வெளிய.”

நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். “அடுத்த சிலிண்டர் இருக்குலா தம்பி?”

“இருக்கு அண்ணாச்சி. முதல்ல கொஞ்ச நேரம் படகுல ஏறி உக்காருங்க.”