வடிவக்கா வரையாமல் விட்ட வளைவு

கொடைக்கானலில் போர்டு எழுதிப் பிழைக்கிறவன் நான். சாக்லேட் கடை, குதிரை சவாரி, யூகலிப்டஸ் தைலம் என்று எதைச் சொன்னாலும் எழுதுவேன். கீழ்மலைப் பளியர் குடியிருப்பிலிருந்து தாரணி வந்து, "எங்க ஆத்தையும் காட்டையும் துணியில வரையணும்ணே. வன உரிமை மனுவோட காட்டணும்" என்றபோது, இதென்ன பெரிய வேலை என்று டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனேன். தாரணி அந்தக் குடியிருப்பின் குழுச் செயலாளர்.

என் மெத்தனம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஆற்றை நான் ஒரே நீலக் கோடாக இழுத்ததைப் பார்த்து, ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது ஆறா தம்பி? ரப்பர் குழாய் மாதிரியில்ல இருக்கு!"

பிரஷ்ஷையும் பிடுங்கிக்கொண்டார். அவர்தான் வடிவக்கா.

பன்னிரண்டு நாள் வரைந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு நிறம், ஒரு பெயர். நண்டுறங்கி. ஈச்சங்குண்டு. மந்திநனைஞ்சான். அவர்கள் பேச்சு தமிழ் மாதிரிதான் இருக்கும், ஆனால் பாதி எனக்குப் பிடிபடாது. அரசாங்க வரைபடத்தில் இந்த இடங்களுக்கெல்லாம் வெறும் எண்தான். கேட்டுக் கேட்டுப் பெயர் எழுதுவது என் சோலியாகிப் போனது.

அக்காவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கணவர் நல்லசாமி, தேன் எடுக்கப் பாறையில் இறங்கியபோது கயிறு அறுந்து, பதினோரு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிட்டார். தினமும் வெயில் தாழ அக்கா குடத்தோடு ஆற்றுக்குப் போவார். மேற்கே பார்த்து உட்கார்ந்து, தனியாகப் பேசிக்கொண்டிருப்பார். "ரேசன்ல இன்னைக்கும் பச்சரிசிதான் போட்டாக. அந்தப் போர்டுக்காரத் தம்பி கொழம்புல உப்பில்லன்னு மூஞ்சியத் தூக்குது." என் பேச்சு அடிபட்டதும் எனக்கு ரோஷம் வந்தது. அக்காவுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

படம் முடிந்தது. மேல் மூலையில் மட்டும் கையகலம் வெள்ளையாகக் கிடந்தது. ஆறு அதன் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் தொடங்கியது. ஏதோ கலை நுணுக்கம் என்று நினைத்து, "பிரமாதம்க்கா" என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார்.

தாரணிதான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"நல்லசாமி மாமா விழுந்த எடம்ணே அது. அத்தை தெனமும் மேற்க பாத்துப் பேசுறது அவருகிட்டதான். எங்க குடியில, பொண்டாட்டி மொதல்ல சொல்ற வரைக்கும் அந்த எடத்துப் பேர யாரும் சொல்லக் கூடாது. சொல்லாத வரைக்கும் அவரு அங்கதான் இருப்பாரு. சொல்லிட்டா விட்டுட்டோம்னு அர்த்தம். மத்தவுக ஒரு வருசத்துல சொல்லிருவாக. அத்தை இன்னும் சொல்லல."

"மனுவில என்ன எழுதினீங்க?"

"அதுலயும் விட்டாச்சு. வெறுமையா விட்டா, அதுதான் எங்களுக்கு எல்லாத்துக்கும் மேலான எடம்னு பாக்குறவுகளுக்குத் தெரியாதா?"

வெள்ளையாக விட்டால் அந்த இடமே கைவிட்டுப் போய்விடும் என்று எனக்குப் பட்டது. தேன்பாறையும் வற்றாத ஊற்று ஒன்றும் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தன. அங்கிருந்து தண்ணீர் எடுக்க ஒரு விடுதிக்காரர் ஏற்கெனவே குழாய் இறக்கி வைத்திருந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நிதானமாகப் படம் முழுவதையும் பார்த்துவிட்டு, வெள்ளையில் விரல் வைத்தார்.

"இந்த இடம் உங்க பயன்பாட்டுல இல்லையா? அப்ப இதைத் தவிர்த்து மிச்சத்துக்கு எழுதிடறேன்."

இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தார்கள். தாரணியின் கண்ணில் தண்ணீர். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"செத்த பொறுங்க சார்." வடிவக்கா எழுந்து வந்தார். என்னிடம் கை நீட்டினார். பிரஷ்ஷைக் கொடுத்தேன். ஆற்றின் இரண்டு முனைகளையும் ஒரு வளைவால் சேர்த்தார். மேலே பாறை. பாறையிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"எழுதிக்க தம்பி," என்றார். "வெயிலிறங்கி."

கூட்டத்தில் ஒரு கிழவர் விசும்பினார். பிறகு ஒவ்வொருவராக அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். வெயிலிறங்கியில் தேன், வெயிலிறங்கியில் கிழங்கு, வெயிலிறங்கியில் சாமி. பதினோரு வருடம் அடக்கி வைத்திருந்த பெயர். அதிகாரிக்கு எழுதி முடிய ஒரு மணி நேரம் ஆனது. அந்த வளைவும் மனுவில் ஏறியது.

வெயில் தாழ, பிரஷ்களைக் கழுவ ஆற்றுக்குப் போனேன். அக்கா குடத்தோடு வந்தார். நிறைத்தார். இடுப்பில் வைத்தார். மேற்கே திரும்பாமல் மேடேறினார்.

மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "இன்னைக்கு மாமாகிட்ட ஒண்ணும் சொல்லலையாக்கா? எவ்வளவு பெரிய சேதி!"

"யாருகிட்டச் சொல்ல?" என்றார் அக்கா. "அவரத்தான் அனுப்பிச்சுட்டேனே."