உலகம் முடியவேண்டிய வெள்ளிக்கிழமை

எங்கள் ஒரே மகள் அம்மை கண்டு இறந்தாள். நான் அழவில்லை. சோறு பொங்கினேன், துணி துவைத்தேன், ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனேன். அப்படியே ஒரு வருஷம் போயிற்று.

பூதப்பாண்டி ஊருக்குப் பக்கத்தில் என் கணவர் ஒரு மிஷன் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தினார். கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த சமயத்தில் எங்கள் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். வேதத்திலுள்ள தானியேல் புத்தகத்தைக் கணக்குப் பார்த்து, கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை உலகம் முடியும், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்றார். ஆப்பிள் விழுந்ததைக் கண்டு புவியீர்ப்பைச் சொன்ன இங்கிலீஷ்காரரும் தானியேலை ஆராய்ந்தவர்தான் என்றார்.

என் கணவர் திகைத்துப்போனார். அந்த மனிதருடைய விதிகளைத்தான் அவர் தினமும் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். மிஷன் பங்களாவுக்குப் போய், துரையின் அலமாரியிலிருந்து அந்த விஞ்ஞானி தானியேலைப் பற்றி எழுதிய புத்தகத்தை வாங்கிவந்தார். அவர் அதைப் படித்த நாட்களில், மகளுடைய நீலச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தேன். எழுந்து வந்தால் உடுத்த வேண்டுமே.

அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பிரசங்கியாரு சொன்னது நெசந்தானா?" என்று கேட்டேன்.

"நெசந்தான். வருசக்கணக்கா அந்த இங்கிலீஷ்காரரு தானியேலையே கட்டிக்கிட்டு இருந்திருக்காவ."

"அப்பம் வெள்ளிக்கெழம?"

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "முன்கூட்டி நாளு சொல்லுதது மடத்தனம்னு அவியளே எழுதியிருக்காவ. நடந்து முடிஞ்ச பொறவுதான் தீர்க்கதரிசனம் மனுசனுக்கு வெளங்குமாம்."

"பிள்ள வரமாட்டாளா?"

"வருவா. எப்பம்னு எனக்குத் தெரியாது. அவியளுக்கும் தெரியல்ல."

யாரோ பக்கத்து வீட்டு விஷயத்தைப் பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டையை எடுத்து உள்ளே வை என்று அவர் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. சட்டையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, குடை பிடித்தபடி என்னோடு வந்தார். சபையில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். பிரசங்கியாரும் நனைந்துகொண்டுதான் நின்றார். மத்தியானத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கல்லறை மேட்டு மண் கரைந்து என் காலடியில் ஓடியது. எனக்குக் கோபமோ ஏமாற்றமோ வரவில்லை.

"ஏட்டி, போவமா?" என்றார் அவர், பொழுது சாயும் வேளையில்.

"போவோம்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அடுப்பு மூட்டி, கருப்பட்டிக் காப்பி போட்டுக் கையில் தந்தார். சட்டையைக் கொடியில் விரித்துப் போட்டதும் அவர்தான்.

தை பிறந்த பிறகு, அந்தப் புத்தகத்தை எனக்கும் வாசித்துக் காட்டும்படி கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இங்கிலீஷில் ஒரு வரி வாசிப்பார், தமிழில் சொல்வார். பெரும்பாலும் பாரசீக ராஜாக்கள், கிரேக்க ராஜாக்கள், அவர்களுடைய சண்டைகள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவேன். அவள் போன பிறகு நான் நன்றாகத் தூங்கியது அப்போதுதான்.