பூ தொடுகிறவள்

ஊரில் அவளை ஈக்காரி என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தேனீப் பெட்டி வைத்திருந்தவள். பக்கத்துப் பூசணித் தோட்டத்தில் பாதி அவள் பங்கு. பயிர் பார்ப்பது கொழுந்தன். பூ மூடிய பிறகு, மாலையில்தான் மருந்தடிக்க வேண்டும் என்று அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

போன வருடம் ஒரு நாள் காலையிலேயே அடித்துவிட்டான். மதியம் பெட்டிகளுக்கு முன்னால் செத்துக் கிடந்த ஈக்களை அவள் முறத்தால் அள்ளினாள்.

“வாடகை மெஷின் காலையிலதான் கிடைச்சுது அண்ணி. ஈதானே, திரும்ப வரும்” என்றான்.

வரவில்லை. இந்த வருடம் கொடி முழுக்கப் பூத்தும் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தன. கொழுந்தன் அவள் வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

“அண்ணி, ஈ வேலைய இனி நீங்கதான் பாக்கணும்.”

“கொட்டாத ஈ வேணும்னு தேடி வந்தியாக்கும்?” என்றாள். ஆனாலும் போனாள். அவள் சோறும் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது. தினமும் விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, அதன் மகரந்தத்தை ஒவ்வொரு பெண் பூவிலும் தொட்டு வைத்தாள். பத்து மணிக்குள் பூ மூடிவிடும்.

நாலாம் நாள் பாதி வரிசையில் இருக்கும்போது மெஷின் சத்தம் கேட்டது. முதுகில் மருந்து டப்பாவோடு கொழுந்தன் நின்றான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி. இன்னிக்கும் காலையிலதான் கிடைச்சுது.”

“பரவாயில்லையே தம்பி, எங்கிட்ட சொல்லிட்டு அடிக்கிற. போன வருசம் அதுங்ககிட்ட அதுகூடச் சொல்லல.”

மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு அடுத்த பூவுக்குக் குனிந்தாள். பூ மூட இன்னும் அரை மணிதான் இருந்தது.